விளக்கு வைக்கும் முன் ஒரு குவளை பழ உறை

கோபம் முழுசாக ஆறாத அன்போடு, என் தெரேஸ் அக்காவுக்கு,

உங்கள் வருஷப் பூசை நல்லபடியாக முடிந்தது. கேக் கொடுத்தோம். கடை கேக் இல்லை, நம் கேக். கோயில் வாசலில் தாம்பாளம் காலியாகி, அடியில் ஒட்டியிருந்த தூளைக்கூட ஒருவர் விரலால் வழித்துச் சாப்பிட்டார். அவர் யார் என்று கடைசியில் சொல்கிறேன். நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

நல்ல சேதியை முதலில் சொல்லிவிட்டதால் என் கோபம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். எனக்கு நடந்தது அநியாயம் என்று உங்கள் முகத்துக்கு நேரே சொன்னேன். நீங்கள் படுக்கையில் இருந்தபோதும் சொன்னேன். கல்லறையில் பூ வைக்க வந்தபோதும் சொன்னேன். இப்போது நியாயம் கிடைத்துவிட்டது. அதனால்தான் இவ்வளவு சந்தோஷமாக எழுதுகிறேன். ஆனாலும் உங்களிடம் கேட்க ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது.

இதை மற்றவர்களும் படிப்பார்கள். ஆகவே உங்களுக்குத் தெரிந்ததையே சில இடங்களில் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். நான் பேசினால் நீங்கள் பொறுத்துக்கொள்வது புதிதா என்ன?

பாலுக்கு உறைமோர் எப்படியோ அப்படித்தான் உங்கள் கேக்குக்கு அந்தப் பழ உறை. பழத்தை நறுக்கி, சர்க்கரை போட்டு, ஜாடி வாயில் வெள்ளைத் துணி கட்டி வைத்தால் சில நாளில் தானே நுரைத்துக் கிளம்பும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் ஒரு கை சர்க்கரையும், சந்தையில் மலிவாகக் கிடைக்கிற பழமும் அதற்குப் போட வேண்டும். எடுக்க எடுக்கப் போட்டுக்கொண்டிருந்தால் அதற்குச் சாவே இல்லை என்பீர்கள். உங்கள் வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தபோது பிரான்சில் பக்கத்து வீட்டு மதாம் ஒருத்தியிடம் கற்றுக்கொண்டதாம். பழக்கம் அங்கிருந்து வந்தது. ஜாடி நம் ஊரில் பிறந்தது. மாங்கனித் திருவிழாவில் மாடியிலிருந்து எறிந்த மாம்பழம் ஒன்று என் தோளில் விழுந்து, கைக்கு வந்து, உங்கள் கைக்குப் போனது. அதைத்தான் முதலில் நறுக்கிப் போட்டீர்கள். ஜாடியில் எனக்குப் பங்கு உண்டு என்று நான் சொல்வது அதனால்தான். சும்மா சொல்லவில்லை.

அந்த ஜாடிக்கு நீங்கள் வைத்த சட்டம் ஒன்று, நான் வைத்த சட்டம் ஒன்று. வேண்டும் என்கிறவர் தன் பாட்டிலோடு வந்து வாய் திறந்து கேட்க வேண்டும். கேட்டவருக்கு இல்லை என்று சொல்லக் கூடாது. இது உங்களுடையது. விளக்கு வைத்த பிறகு கொடுக்கக் கூடாது என்பது என்னுடையது. அந்தி விளக்கு ஏற்றிய பிறகு எங்கள் வீட்டில் உறைமோர் கொடுக்க மாட்டார்கள் என்று பேச்சுவாக்கில் சொன்னேன்.

"மோருக்கு உண்டுன்னா பழத்துக்கும் உண்டுதானே தம்பி" என்று எடுத்துக்கொண்டீர்கள். மாதா படத்துக்கு முன்னால் விளக்கைப் போட்டுவிட்டால், பிறகு யார் வந்து கேட்டாலும் நாளைக்குத்தான். என் வீட்டு வழக்கத்தை உங்கள் வீட்டில் இத்தனை கண்டிப்பாக யாரும் காத்ததில்லை.

சரி, அநியாயத்துக்கு வருகிறேன்.

எனக்குக் கொடுத்த பாட்டிலில் நான் பலாச்சுளை போட்டேன். போட்டால் என்ன? பழம்தானே? ரேடியோ பழுது பார்க்க எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. திறந்து பார்த்து, போட்டுப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். பழ உறையையும் அப்படித்தான் பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை உங்கள் வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுவந்தபோது எல்லோரும் இருந்தார்கள். உங்கள் நாத்தனார் லூர்து என் பாட்டிலைத் திறந்து மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

"இது உறையா? பலாக் கொட்டை அழுவுன குழி மாதிரில்ல நாறுது! ரேடியோக்காரரே, நீங்க ரேடியோவையே பாருங்க."

கூடம் முழுக்கச் சிரித்தது. நான் உங்களைப் பார்த்தேன். நீங்களும் சிரித்தீர்கள் அக்கா. சிரித்துவிட்டு, "குடுங்க தம்பி, கொட்டிட்டு வேற தர்றேன்" என்று உள்ளே கொண்டுபோனீர்கள். பாட்டில் கழுவித் துடைத்து, அன்னாசிப்பழ உறையோடு திரும்பி வந்தது. என் பலாச்சுளை திரும்பவில்லை. அன்றிலிருந்து லூர்துவோடு எனக்குப் பேச்சு இல்லை. உங்களோடு பேசினேன். ஆனால் அதற்குப் பிறகு என் பாட்டிலில் பலாச்சுளை போடவில்லை. நீங்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.

படுக்கையில் விழுந்த பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னீர்களே, நினைவிருக்கிறதா? "வருஷப் பூசைக்கு நம்ம கேக்குதான் குடுக்கணும். கடையில வாங்கிடாதீங்க தம்பி. ஒங்கள்ட்ட உறை இருக்கு, லூர்துகிட்ட அடுப்பு இருக்கு." நான் சரி என்றேன். அடுப்பு என்று நீங்கள் சொன்னது எந்த நோக்கத்தில் என்று எனக்கு அப்போதே தெரியும். இருந்தாலும் சரி என்றேன்.

நீங்கள் போன பிறகு உங்கள் மகன் வீட்டை வாடகைக்கு விட ஏற்பாடு செய்தான். சுத்தம் செய்ய வந்தவர்கள், நுரைத்துக் கிடந்த பெரிய ஜாடியைக் கெட்டுப்போனது என்று கொல்லையில் கவிழ்த்துவிட்டார்கள். முன்னாலேயே கேட்டு வாங்கியிருக்கலாமே என்கிறாள் என் மருமகள் சித்ரா. நான் ஏன் கேட்க வேண்டும்? அவர்களாகத் தந்திருக்க வேண்டாமா?

எப்படியோ, என் பாட்டில் இருந்தது. அதைக் கடையில் வைத்திருந்தேன். ஒழுகத் தொடங்கியதும் வீட்டுக்குக் கொண்டுவந்து சமையலறை அலமாரியில் வைத்துவிட்டு, ஒரு கல்யாணத்துக்காகத் திருநள்ளாறு போனேன். திரும்பி வந்தால் சித்ரா சிரித்த முகத்தோடு நிற்கிறாள்.

"மாமா, எலுமிச்சங்கா ஊறுகா பொங்கி வழிஞ்சிது. நல்லவேள, நான் பாத்தேன். கல்லுப்பு ஒரு கை போட்டு, நல்லெண்ண காச்சி ஊத்திட்டேன். இப்ப அடங்கிட்டுது பாருங்க."

அடங்கித்தான் இருந்தது. அவ்வளவு அடக்கமான ஒன்றை நான் பார்த்ததில்லை. ஊறுகாய் பாட்டில்களுக்கு நடுவில் வைத்தது என் தப்பு என்கிறாள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. சில நாள் அவள் போட்ட ஊறுகாயைத் தொடாமல் மோர் சோறு சாப்பிட்டேன். அதற்கு மேல் முடியவில்லை, அவள் ஊறுகாய் அப்படி.

"புதுசா போட்டா என்னா மாமா?" என்று கேட்டாள். போடலாம், நுரைக்கவும் செய்யும். ஆனால் அது உங்கள் ஜாடியின் வழி வந்தது ஆகுமா? உங்கள் பூசைக்கு உங்கள் கை படாத உறையில் கேக் செய்து, நம் கேக் என்று நான் எந்த வாயால் சொல்லுவேன்?

எனக்குத் தெரிந்து, நீங்கள் கொடுத்த உறை மீதி இருந்தது ஒரே இடம். லூர்து வீடு. வாய் திறந்து கேட்க வேண்டும். உங்கள் சட்டம்.

எனக்காகப் போகவில்லை அக்கா. இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கதவைத் திறந்ததுமே பிரெஞ்சு வணக்கத்தோடு தொடங்கிவிட்டார். "பொன்ழூர், ரேடியோக்காரரே! ஸ்டேஷன் மாறி வந்துட்டீங்களா?"

"பாட்டில் கொண்டாந்திருக்கேன்."

"பாட்டில் தெரியுது. வாய் இருக்கான்னுதான் தெரியல."

"உறை வேணும்" என்றேன்.

அதற்கு மேல் என்னைக் குத்துவார் என்று நினைத்தேன். இல்லை. முகம் ஒரு மாதிரியாகி, "உக்காருங்க, காப்பி கொண்டாறேன்" என்றார். காப்பி வந்தது. பிரான்சில் மகள் வீட்டில் பனி பெய்த படங்கள் வந்தன. பேரப்பிள்ளைகளின் படங்கள் வந்தன. நாய்க்குக்கூடப் படம் இருந்தது. நான் தலைநிமிர்ந்தபோது மாதா படத்துக்கு முன்னால் விளக்கு எரிகிறது. "அடடா, வெளக்கு போட்டாச்சே. நாளைக்கு வாங்க வைத்தி."

மறுநாள் கவனமாக, ஜன்னல் பக்கம் உட்கார்ந்தேன். வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "அவர் வச்சிருந்த ரேடியோ பாடமாட்டேங்குது, ஒரு தடவ பாருங்களேன்" என்று ஒரு பழைய பெட்டியைக் கொண்டுவந்து மடியில் வைத்தார். என் பலவீனம் ஊருக்கே தெரியும். திறந்தேன். அது பாடத் தொடங்கியபோது விளக்கும் எரிந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கொடுக்க மனமில்லாதவர் இவ்வளவு பாடுபட மாட்டார்; வேறு ஏதோ சங்கதி இருக்கிறது. அடுத்த நாள் காலையிலேயே போய் நின்றேன். காலையில் யார் விளக்கு வைக்க முடியும்?

லூர்து உள்ளே போய் ஜாடியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஒரு குமிழி இல்லை. வாசனையும் இல்லை. குளத்துத் தண்ணீர் போல இருந்தது.

"செத்துப்போச்சு வைத்தி" என்றார்.

"என்ன போட்டீங்க?"

"டாக்டர் எனக்குச் சர்க்கரை ஆவாதுன்னுட்டார். வீட்டுல சர்க்கரையே வாங்குறதில்ல. சர்க்கரைக்குப் பதிலாப் போடுற தூளு, மவ டப்பா டப்பாவா அனுப்புறா. அதத்தான் போட்டுக்கிட்டு வந்தேன்."

"சர்க்கரை வியாதி ஒங்களுக்கா, ஜாடிக்கா?"

"உப்பு போட்ட வீட்டு வாய் பேசுது பாரு! ஒங்க மருமவ மீன்காரிகிட்ட சொல்லி, அவ தெரு பூரா சொல்லிட்டுப் போயிட்டா."

அவ்வளவுதான் அக்கா, உங்கள் கூடத்தில் அன்று பாதியில் நின்ற சண்டையை விட்ட இடத்திலிருந்து எடுத்துக்கொண்டோம். பலாச்சுளை வந்தது. மாங்கனித் திருவிழா வந்தது. உங்கள் பெயர் எத்தனை தடவை வந்தது என்று சொல்ல மாட்டேன். வாசலில் கூடையை இறக்கி வைத்த சத்தம்கூட எங்களுக்குக் கேட்கவில்லை.

"ஏம்மா, மீனு வேணுமா, சண்டையே போதுமா?"

செல்வி. கருக்களாச்சேரியிலிருந்து உங்களுக்கும் மீன் கொண்டுவந்தவள்தான். தெரு பூராவும் சொல்லிய அதே மீன்காரி. இடுப்பில் கை வைத்துக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும், செத்த ஜாடியையும் பார்த்தாள்.

"தெரேஸம்மா குடுத்த பழத் தண்ணிக்கா இம்புட்டு ரகள? எங்கிட்ட ஒரு ஜாடி கெடக்கே. கள்ளுக்குப் பதிலா ஆப்ப மாவுக்கு ஊத்துவேன். எம் மாமியாளுக்கு அது இல்லாட்டி ஆப்பம் எறங்காது."

நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாயை மூடியது அதுதான் முதல் தடவை.

"சாயங்காலமா வாங்க. பாட்டில மறந்துடாதீங்க" என்று சொல்லிவிட்டு, சங்கரா மீனை லூர்துவின் தலையில் கட்டிவிட்டுப் போனாள்.

ஒரே ஆட்டோவில் போனோம். இரண்டு மடியிலும் இரண்டு பாட்டில், நடுவில் லூர்துவின் குடை. வழி முழுக்க ஒரு வார்த்தை இல்லை. ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்து, "ஆஸ்பத்திரிக்குங்களா?" என்றார்.

செல்வி வீட்டு வாசலில் வலை காய்ந்துகொண்டிருந்தது. உள்ளிருந்து ஒரு பீங்கான் ஜாடியைக் கொண்டுவந்து, துணியை அவிழ்த்தாள். அக்கா, சத்தியமாகச் சொல்கிறேன், கருவாட்டு வாசனையையும் மீறிக்கொண்டு அந்த இடம் முழுக்கப் பலாப்பழம் மணத்தது. உள்ளே மஞ்சள் மஞ்சளாகச் சுளைத் துண்டுகள் மிதக்க, நுரை சின்னச் சின்னதாக வெடித்துக்கொண்டிருந்தது.

"இது யார் குடுத்தது?" என்று லூர்து கேட்டார்.

"தெரேஸம்மாதான். குடுக்கையில சொன்னாங்க, 'செல்வி, இது வைத்தி தம்பியோடது. கொட்டுறேன்னு சொல்லித்தான் வாங்குனேன். கொட்ட மனசு வரல. என்னா மணம் பாரு! லூர்துக்குத் தெரிஞ்சா எங்க ரெண்டு பேரையும் சேத்து வைவா. நீ கொண்டுபோயி வச்சிக்க, தின்னுக்க. அவர் என்னைக்காவது வந்து கேட்டா அவருக்குக் குடு'ன்னாங்க. நானும் பலாப்பழ நாள்ல பலாச்சுளையே போட்டுக்கிட்டு வர்றேன். மத்த நாள்ல கெடச்சதப் போடுவேன்."

நான் கடல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கடலில் அன்றைக்குப் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. இருந்தாலும் கொஞ்ச நேரம் பார்த்தேன்.

பிறகு திரும்பி, உங்கள் சட்டப்படி பாட்டிலை நீட்டி வாய் திறந்து கேட்டேன். செல்வி நிறைய ஊற்றினாள். அடுத்து லூர்து தன் பாட்டிலை நீட்டினார். செல்வி அகப்பையைக் கீழே வைத்துவிட்டாள்.

"நான் எப்புடிம்மா குடுக்கறது? அவருதுன்னு சொல்லியில்ல எங்கிட்ட குடுத்து வச்சாங்க. அவரக் கேளுங்க."

லூர்து என்னைப் பார்க்கவில்லை. பாட்டிலின் மூடியைத் திருகித் திறந்து, திருகி மூடிக்கொண்டிருந்தார். மேற்கே தென்னைமரங்களுக்குப் பின்னால் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளிருந்து செல்வியின் மாமியார் குரல் கொடுத்தார். "செல்வி, வெளக்கப் போடட்டா?"

நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும். விளக்கு எரிந்திருக்கும், சட்டம் தன் வேலையைப் பார்த்திருக்கும், பனிப்படத்துக்கும் ரேடியோவுக்கும் கணக்குத் தீர்ந்திருக்கும். நியாயப்படி அப்படித்தான் நின்றிருக்க வேண்டும். இப்போதும் அதைத்தான் சொல்வேன்.

ஆனால், "ஆத்தா, செத்த பொறுங்க. இன்னும் வெளக்கு வைக்காதீங்க" என்று ஒரு குரல் கேட்டது. என் குரல்தான்.

லூர்து நிமிர்ந்து பார்த்தார். "வைத்தி, ஒரு குவளை உறை குடுங்க" என்றார்.

"எந்த உறை?"

செல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பலாச்சுளை உறை."

"காதுல விழல."

"பலாச்சுளை உறை, ரேடியோக்காரரே! கருக்களாச்சேரிக்கே கேட்டுது, ஒங்களுக்குக் கேக்கல!"

அகப்பையை வாங்கி நானே ஊற்றினேன். ஒரு குவளை கேட்டார். பாட்டில் கழுத்துவரை ஊற்றினேன். சுளைத் துண்டு ஒன்று வெளியே நின்றது, அதையும் விரலால் அழுத்தி உள்ளே விட்டேன். அதன் பிறகுதான், "இப்ப போடலாம் ஆத்தா" என்றேன். வீட்டுக்குள் விளக்கு எரிந்தது. திரும்பி வரும்போது ஆட்டோவில் குடை நடுவில் இல்லை, கீழே கிடந்தது. பேச்சு இருந்தது. பெரும்பாலும் சண்டைதான்.

கேக் லூர்து வீட்டு அடுப்பில்தான் வெந்தது. முந்திரிப்பருப்பு எவ்வளவு என்பதில் ஒரு தகராறு, மாவு கிளறுவது இடப்பக்கமா வலப்பக்கமா என்பதில் ஒரு தகராறு. சித்ரா இரண்டு பேரையும் வெளியே அனுப்பிவிட்டுத் தானே கிளறி முடித்தாள். அவள் கை நல்ல கை. இப்போது என் பாட்டிலில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறாள்: "ஊறுகாய் அல்ல." ஞாயிற்றுக்கிழமை நான் மறந்தாலும் அவள் சர்க்கரை போட மறப்பதில்லை. லூர்துவின் ஜாடிக்கும் எங்கள் வீட்டிலிருந்துதான் சர்க்கரை போகிறது. அவர் வீட்டு டப்பாவை நான் நம்பமாட்டேன்.

பூசை முடிந்து கோயில் வாசலில் கேக் கொடுத்தபோது உங்கள் பூவத்துச் சிநேகிதி ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டு மோந்து மோந்து பார்த்தார். "இது என்ன வாசன? தெரேஸ் கேக்குல இது இருந்ததில்லையே" என்றார். நான் பதில் சொல்ல மூச்செடுப்பதற்குள் லூர்து சொல்லிவிட்டார்: "பலாச்சுளை. இவரு கண்டுபுடிச்சது. மோசமில்ல."

மோசமில்லை! அந்த வாயிலிருந்து! தாம்பாளத்தின் அடியில் இருந்த தூளை விரலால் வழித்தவரும் அவர்தான் அக்கா. சர்க்கரை வியாதிக்காரர். டாக்டரிடம் நான் சொல்லவில்லை, நீங்களும் அங்கே யாரிடமும் சொல்ல வேண்டாம். மறுநாள் காலையிலேயே உங்கள் பூவத்துச் சிநேகிதி பாட்டிலோடு என் வாசலில் நின்றார். வாய் திறந்து கேட்டார். கொடுத்தேன். அதற்குப் பிறகும் ஆள் வந்துகொண்டுதான் இருக்கிறது. செல்வி வீட்டில் நாங்கள் எல்லோரும் அந்த ஆப்பமும் சாப்பிட்டோம். நீங்கள் சாப்பிட்டிருக்கிறீர்களா? அதையும் எனக்குச் சொல்லாமல் சாப்பிட்டிருப்பீர்கள்.

இப்போது அந்தக் கேள்வி. என் பலாச்சுளையைக் கொட்டவில்லை என்று ஏன் எனக்குச் சொல்லவில்லை? கூடத்தில் எல்லோர் முன்னாலும் வேண்டாம். வாசல்வரை வந்து வழியனுப்பும்போது காதோடு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? ஒருவேளை நான் கேட்பேன் என்று காத்திருந்தீர்களா? கேட்டவருக்கு இல்லை என்று சொல்லாதவராயிற்றே நீங்கள். நான் கேட்க மாட்டேன் என்பதும் உங்களுக்குத் தெரியுமே. இரண்டும் தெரிந்து சும்மா இருந்தீர்கள் என்றால், நம் இரண்டு பேரில் பிடிவாதம் யாருக்கு?

இதற்கு நேரில்தான் பதில் வேண்டும். அதுவரை சொல்கிறேன், என் கை ஓடுகிறவரை இந்த உறைக்கு ஞாயிற்றுக்கிழமைச் சர்க்கரை தவறாது. பாட்டிலோடு வந்து கேட்கிற யாருக்கும், லூர்துவுக்கும், இல்லை என்று சொல்ல மாட்டேன். பலாப்பழ நாளில் பலாச்சுளை போடுவேன். யார் மூக்கைப் பிடித்தாலும் போடுவேன். அங்கே வருகிறபோது வெறுங்கையோடு வர மாட்டேன். நிறைத்த பாட்டில் ஒன்று கொண்டுவருவேன்; இந்த முறை நீங்கள் என்னிடம் வாய் திறந்து கேட்க வேண்டும். அங்கே அந்தி உண்டா, தெரியவில்லை. உண்டென்றால், நான் வந்து சேரும்வரை விளக்கைப் போடாமல் இருங்கள் அக்கா.

உங்கள் கூடப் பிறக்காத தம்பி,
பலாச்சுளை வைத்தி